சேர்வர் பதில் தராத நேரம்

கரண்ட் போய்ச் சில நிமிடத்துக்குள், யூபிஎஸ்ஸில் நிற்கும் லினக்ஸ் கணினி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்: சேர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். கரண்ட் திரும்பி சேர்வரும் எழும்பியதும் இன்னொரு வரி வரும்: சேர்வர் சரி. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவைதான் மவுண்ட் அமைப்புகள். நெட்வேர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையோடு வேலை செய்கிறவர்களிடம் மவுண்ட் அமைப்பைச் சீர்செய்வது பற்றிக் கேட்டால், பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை கிலோபைற் துண்டு, எத்தனை இணைப்பு, எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பது என்ற கணக்குகள். இந்த வேலையை நீண்டகாலம் பார்த்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் வேறு. இந்த அமைப்புகளில் முக்கியமானவை எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: சேர்வர் பேசாத நேரத்தில் கிளையன்ட் கணினி தன் மென்பொருளுக்கு உண்மை சொல்லுமா, பொய் சொல்லுமா? வேகம் அதற்குப் பிறகு வரும் விஷயம். அதைக்கூட மவுண்ட் வரிக்கு வெளியேதான் அதிகம் தேட வேண்டியிருக்கிறது.

பரந்தனில் இருந்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 களில் இருந்து யுத்தம் முடியும்வரை வன்னிப் பெருநிலம் தேசிய மின்வழி இல்லாமல், ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்த இடம். 2009 க்குப் பிறகுதான் வவுனியாவில் இருந்து உயரழுத்த மின்வழி கிளிநொச்சிக்கு வந்தது. வந்த பிறகும் தடை இல்லாமல் இல்லை. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்ட நாட்களே உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டு நடந்தது. காற்றுக்கும் மரக்கிளைக்கும் போகிற கரண்டை யாரும் எண்ணுவதில்லை. மின்தடையை அபூர்வ விபத்தாக வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பிழைக்கும். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இந்தச் சந்தியில் ஒரு கல்வி நிலையமோ, ஒரு அலுவலகமோ பத்துக் கணினிக்கு ஒரு சேர்வர் வைத்தால், சேர்வர் திடீரென்று நின்று திரும்ப எழும்புவது அதன் சாதாரண வாழ்க்கையின் பகுதி. அறிவியல் நகரில் பொறியியல் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் இப்படியான இடங்களையும் நடத்தப் போகிறவர்கள்.

என்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்கள் இதை முதலிலேயே யோசித்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியியலாளர்கள் 1985 இல் போர்ட்லாந்தில் நடந்த யூசெனிக்ஸ் மாநாட்டில் அதை விளக்கியபோது, சேர்வர் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை என்பதையே அடித்தளமாக வைத்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தனக்குத் தேவையான விவரம் முழுவதையும் தன்னோடு கொண்டுபோகும். சேர்வர் விழுந்து எழும்பினால் கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். எழும்பிய சேர்வருக்கும் மெதுவான சேர்வருக்கும் கிளையன்டுக்கு வேறுபாடு தெரியாது. இந்த ஏற்பாடு நிற்க இரண்டு தூண்கள் வேண்டும். கிளையன்ட் கைவிடாமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். சேர்வர், தட்டில் எழுதி முடித்த பிறகுதான் எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பின்னாளில் வேகத்துக்காகச் செய்யப்பட்ட பல குறுக்குவழிகள் இந்த இரண்டு தூண்களில் ஒன்றை அறுத்துத்தான் வேகத்தைக் கொடுத்தன.

முதல் தூணை அறுப்பது சொஃப்ட் என்ற அமைப்பு. ஹார்ட் என்று மவுண்ட் செய்தால் கிளையன்ட் முடிவில்லாமல் முயலும். சொஃப்ட் என்றால் சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, உள்ளீடு வெளியீட்டில் பிழை என்று மென்பொருளிடம் சொல்லிக் கைகழுவிவிடும். ஹார்ட்டுக்கு எதிரான முறைப்பாடு நியாயமானதுதான்: சேர்வர் போனால் ஆய்வுகூடத்தில் உள்ள எல்லாக் கணினியும் உறைந்துவிடுகிறது, சுட்டி அசைகிறது, எதுவும் திறக்கவில்லை, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் மாற்று என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு மென்பொருள் 40 மெகாபைற் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் பிழை வந்தால், அந்தப் பிழையைப் பார்த்து, எழுதியதை அழித்து, பயனருக்கு அறிவித்து ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள்கள் குறைவு. மேலும், எழுதும் பிழை எழுதும் கணத்திலேயே வருவதில்லை. கிளையன்ட் பக்கங்களை நினைவகத்தில் வைத்துப் பிறகுதான் அனுப்புகிறது. ஆகவே பிழை கோப்பை மூடும்போதோ அதற்குப் பிறகோதான் தெரியவரும். மூடும்போது கிடைக்கும் விடையைப் பல மென்பொருள்கள் பார்ப்பதே இல்லை. கரண்ட் வந்த பிறகு கோப்பு அங்கே இருக்கும். பெயர் சரி, திகதி சரி, சிலவேளை அளவுகூடச் சரி. நடுவில் மட்டும் வெறுமை. உறைந்த திரையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது கோபத்தைத் தரும், ஆனால் அதனால் எதுவும் கெட்டுப்போவதில்லை. நடுவில் ஓட்டை விழுந்த கோப்பு ஆறு மாதம் கழித்து, காப்புப் பிரதிகளும் அதே ஓட்டையோடு எடுக்கப்பட்ட பிறகு வெளியே வரும்.

உறைந்த கணினியை விடுவிக்க வழியே இல்லை என்பதும் பழைய காலத்துப் பயம். முன்பு இன்டர் என்ற ஓர் அமைப்பைச் சேர்க்காவிட்டால் தொங்கி நிற்கும் மென்பொருளைக் கொல்ல முடியாது. லினக்ஸ் 2.6.25 கேர்னலுக்குப் பிறகு அந்த அமைப்புக்குப் பொருளே இல்லை. கொல்லும் சமிக்ஞை எப்போதும் வேலை செய்யும். இன்றைக்கும் மவுண்ட் வரிகளில் இன்டர் என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கேர்னல் அதை வாங்கி, சத்தமில்லாமல் ஒதுக்கி வைக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் டைமியோ இலக்கமும் இப்படிப் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும் ஒன்று. அது செக்கனில் இல்லை, பத்தில் ஒரு செக்கனில். 600 என்றால் ஒரு நிமிடம். அதை 60 ஆக்கினேன், ஒரு நிமிடம்தானே என்று நினைக்கிறவர் உண்மையில் ஆறு செக்கன் கொடுத்திருக்கிறார். மெதுவான தட்டுள்ள சேர்வர், மாலை நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேமிக்கும்போது ஆறு செக்கன் எடுப்பது நடக்கக்கூடியது. அந்த மவுண்ட் சொஃப்டாகவும் இருந்துவிட்டால் கரண்ட் போகாமலே கோப்புகள் கெடலாம். சொஃப்டை எங்கேயும் பாவிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசிக்க மட்டும் திறந்த பகிர்வுகள், விரிவுரைக் காணொளிகள், மென்பொருள் நிறுவும் கோப்புகள் இருக்கும் இடங்களில் அது பொருத்தம். எழுதும் இடத்தில் கூடாது.

இரண்டாவது தூண் சேர்வர் பக்கம் இருக்கிறது. அங்கேதான் பெரிய பொய் நடக்கிறது. பகிர்வு வரியில் ஏசிங்க் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சிறிய கோப்புகளை எழுதும் வேகம் பல மடங்கு கூடும். இது உண்மை, அளந்து பார்க்கலாம். ஏன் கூடுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். 1995 இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு எழுதுதலுக்கும் தட்டுக்காகக் காத்திருக்கும் பழைய முறையைத் தளர்த்தியது. கிளையன்ட் துண்டுகளை வரிசையாக அனுப்பும். சேர்வர், கிடைத்தது, இன்னும் தட்டில் இறங்கவில்லை என்று பதில் சொல்லலாம். கூடவே ஒரு முத்திரை இலக்கத்தையும் தரும். அந்த இலக்கம் சேர்வர் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் மாறும். கிளையன்ட் அந்தத் துண்டுகளைத் தன் நினைவகத்தில் இருந்து விடாது. கடைசியில், எல்லாவற்றையும் தட்டில் இறக்கு என்று ஒரு கட்டளை அனுப்பும். சேர்வர் இறக்கிவிட்டு, அதே முத்திரை இலக்கத்தோடு சரி என்றால்தான் கிளையன்ட் தன்னிடம் இருந்த பிரதியை விடும். நடுவில் கரண்ட் போய்வந்திருந்தால் முத்திரை மாறியிருக்கும். மாறியதைக் கண்டதும் கிளையன்ட் தன்னிடம் வைத்திருந்த துண்டுகளை எல்லாம் முதலில் இருந்து அனுப்பும். எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது, கோப்பு முழுதாக இருக்கும். நெட்வேர்க் கோப்பு முறைகளில் இவ்வளவு அழகாக யோசிக்கப்பட்ட இடத்தை நான் வேறு அதிகம் கண்டதில்லை.

ஏசிங்க் இந்த ஏற்பாட்டை உடைக்கிறது. சேர்வர் தட்டில் இறக்காமலே, இறக்கிவிட்டேன் என்று சொல்கிறது. கிளையன்ட் அதை நம்பித் தன் பிரதியை விட்டுவிடுகிறது. அந்தச் சில செக்கனுக்குள் கரண்ட் போனால் அந்தத் துண்டு இரண்டு பக்கத்திலும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் தங்கள் வேலை முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லினக்ஸ் சேர்வரில் ஒரு காலத்தில் இதுவே இயல்பு அமைப்பாக இருந்தது. என்எஃப்எஸ் கருவித்தொகுப்பின் 1.0.0 க்குப் பிந்திய பதிப்புகளில் அதை சிங்க் ஆக்கினார்கள். அதற்கு முன்னைய காலத்து வேகக் கணக்குகளை வைத்துப் புதிய பதிப்பு மெதுவாகிவிட்டது என்று சொன்னவர்கள், இழந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்கவில்லை. இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். சிங்க் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. கிளையன்டின் மவுண்ட் வரியில் வரும் சிங்க் வேறு, சேர்வரின் பகிர்வு வரியில் வரும் சிங்க் வேறு. முதலாவதைப் போட்டால் ஒவ்வொரு சின்ன எழுதுதலுக்கும் மென்பொருள் காத்திருக்கும், பெரும்பாலும் அது தேவையில்லை. இரண்டாவதுதான் உயிர்நாடி. தரவுத்தளத்துக்குக் கோப்பின் முழுமையை விட முக்கியமானது ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் ஆவணத்தில் என்எஃப்எஸ்ஸுக்குக் கேட்பது இவ்வளவுதான்: ஹார்ட் கட்டாயம், கிளையன்டில் சிங்க் அவசியமில்லை, சேர்வர் பகிர்வில் சிங்க் வலுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பாதுகாப்புக்காகக் கிளையன்டில் சிங்க் போட்டு, வேகத்துக்காகச் சேர்வரில் ஏசிங்க் போட்டுவைத்திருப்பவர்கள் இரண்டு பக்கத்து நட்டத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள்.

சேர்வரை யூபிஎஸ்ஸில் வைத்திருக்கிறோம், ஏசிங்க்கால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நல்ல மின்கலத்தோடு, கரண்ட் போன செய்தியை வாங்கிச் சேர்வரை ஒழுங்காக நிறுத்தும் ஏற்பாடும் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பலம் உண்டு. ஆனால் வன்னி வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில், ஈய மின்கலம் எத்தனை வருடம் தாங்கும்? பத்து நிமிடம் என்று பெட்டியில் எழுதியிருப்பது இரண்டு வருடத்தில் ஒரு நிமிடமாகும். அது எந்த நாளில் நடந்தது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். மின்வழங்கி எரிவது, கேர்னல் விழுவது, கேபிளில் கால் தட்டுப்படுவது எதையும் யூபிஎஸ் தடுக்காது. வேகம் உண்மையிலேயே வேண்டுமென்றால் கரண்ட் போனாலும் தன்னுள் இருப்பதை எழுதி முடிக்கும் திட நிலைத் தட்டை வாங்குவது நேர்மையான வழி. சிங்க் அமைப்பை விட்டுக்கொடுக்காமலே வேகம் கிடைக்கும். பணம் இல்லாவிட்டால் இன்னொரு வழி, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அவிழ்க்கும் வேலையை நெட்வேர்க்கில் செய்யாமல் சேர்வரிலேயே நேரடியாகச் செய்வது.

அமைப்பை மாற்றுவதற்கு முன், இப்போது எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் தவறுகளில் பாதி இங்கேதான். எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதியிருப்பது நாம் கேட்டது. சேர்வரும் கிளையன்டும் பேசி ஒத்துக்கொண்டது வேறாக இருக்கலாம். என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை -எம் சேர்த்துக் கொடுத்தால், அல்லது கேர்னலின் மவுண்ட் பட்டியலை நேரே வாசித்தால் உண்மை தெரியும். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். கேட்டதில் வாசிக்கும், எழுதும் துண்டின் அளவுகளான ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டும் 8192, யூடிபி, இன்டர், சொஃப்ட் என்று இருக்கிறது. இந்த வரி யாரோ இருபது வருடத்துக்கு முன் எழுதியது. ஒவ்வொரு புதிய கணினிக்கும் பிரதி எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. 8192 என்பது இரண்டாம் பதிப்பின் உச்ச அளவு. இன்றைய லினக்ஸில் எதுவும் எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் பேசி, இடமிருந்தால் 10,48,576 பைற்வரை, அதாவது ஒரு மெகாபைற்வரை எடுத்துக்கொள்ளும். வேகம் கூட வேண்டும் என்று எழுதப்பட்ட இலக்கம் இன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய இடங்களில் சீர்செய்தல் என்பது பெரும்பாலும் அழிப்புத்தான். ஹார்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மவுண்ட் செய்து, அளந்து, தேவை கண்ட இடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. மவுண்டைக் கழற்றாமல் ரீமவுண்ட் செய்தால் என்எஃப்எஸ் சார்ந்த அமைப்புகளில் பெரும்பாலானவை மாறாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாற்றினேன், வித்தியாசம் தெரியவில்லை என்கிறவர் பலவேளை மாற்றியே இருக்கவில்லை.

அந்த வரியில் உள்ள யூடிபி பற்றி ஒரு கணக்கு மட்டும். யூடிபி என்ற அனுப்பும் முறையில் 8 கிலோபைற் துண்டு ஒன்று ஆறு சிறு பொதிகளாக உடைந்து போகும். அவை ஒரே துண்டுக்குரியவை என்று அடையாளம் காண 16 பிட் இலக்கம் ஒன்றுதான் உண்டு, மொத்தம் 65,536. கிகாபிட் வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 15,000 துண்டு போகும், ஆகவே நாலு செக்கனுக்கு மேல் போனால் இலக்கம் திரும்ப வரும். தொலைந்த பொதிக்காகக் காத்திருக்கும் நேரமோ 30 செக்கன். பழைய துண்டின் தலையும் புதிய துண்டின் வாலும் ஒட்டி, சரிபார்ப்புத் தொகையும் தற்செயலாகப் பொருந்திவிட்டால், பிழையான தரவு சரியென்று உள்ளே போகும். பத்து மெகாபிட் காலத்தில் இது பிரச்சினையாகவே இருக்கவில்லை. கம்பி வேகமானதும் ஆனது. 5.6 கேர்னலில் இருந்து லினக்ஸ் என்எஃப்எஸ்ஸில் யூடிபியை இயல்பாகவே மூடிவிட்டது. மூடாத பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி வேகம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறவருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள், ஆசையை வைத்து முடிவு செய்வதில்லை. அதேபோல, துருசை எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் கொள்ளும் அளவுதான் வயலுக்கு வரும். கடைசி வயலுக்கு நீர் போய்ச்சேரும் நேரமும் துருசில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. பரந்தனில் இருந்து கொழும்பில் உள்ள சேர்வரை மவுண்ட் செய்கிறோம் என்று வைப்போம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். முந்நூறு கிலோமீற்றர் போய்வரக் குறைந்தது மூன்று மில்லிசெக்கன், நடைமுறையில் அதைவிடக் கூட. ஒரு சிறு கோப்பை உருவாக்கி எழுதி முடிக்கக் குறைந்தது மூன்று போய்வருகை வேண்டும். பத்தாயிரம் கோப்பை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்தால் பயணத்துக்கு மட்டும் 90 செக்கன். அதே வேலை, போய்வர 0.2 மில்லிசெக்கன் எடுக்கும் உள்ளூர் சுவிட்சில் ஆறு செக்கன். இந்த 90 ஐ ஆர்சைஸைக் கூட்டியோ, 5.3 கேர்னலில் வந்த என்கனெக்ட் அமைப்பால் பல இணைப்பைத் திறந்தோ குறைக்க முடியாது. அவை பெரிய கோப்புகளுக்கு உதவும், வரிசையில் நிற்கும் சின்னக் கோப்புகளுக்கு அல்ல. மவுண்ட் வரியில் இல்லாத ஒன்றும் வேகத்தைக் குறைக்கும். 5.4 கேர்னலுக்கு முன் லினக்ஸ், ஆர்சைஸின் 15 மடங்கை முன்கூட்டியே வாசித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு இயல்பு அளவு 128 கிலோபைற். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் காணொளி வாசிப்பு மந்தமானால், மவுண்ட் வரியை எவ்வளவு திருகினாலும் விடை அங்கே இல்லை.

நினைவில் வைத்திருக்கும் நேரம் பற்றியும் ஒரு சொல். பக்கத்துக் கணினியில் சேமித்த கோப்பு இங்கே உடனே தெரியவில்லை என்ற முறைப்பாடு எல்லா இடத்திலும் வரும். கோப்பின் விவரங்களைக் கிளையன்ட் 3 முதல் 60 செக்கன்வரை நினைவில் வைத்திருப்பதால் அது நடக்கிறது. அந்த நினைவை நிறுத்தும் நோஏசி அமைப்பைப் போட்டால் தீரும், ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் சேர்வரிடம் ஓட வேண்டும் என்பதால் ஆய்வுகூடம் முழுவதும் தவழும். என்எஃப்எஸ் தரும் உறுதி இதுதான்: ஒருவர் மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியதைக் காண்பார். புள்ளிப் பட்டியல் ஒன்றை இருவர் ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் திருத்தினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது.

கரண்ட் திரும்பி வரும் கணம், போகும் கணத்தைவிட ஆபத்தானது. எல்லாம் ஒன்றாக எழும்புகின்றன. சேர்வர் தன் நினைவகத்தைச் சோதித்து, தட்டுகளைச் சரிபார்த்து எழும்ப ஐந்து நிமிடம் எடுக்கும். மேசைக் கணினி அரை நிமிடத்தில் தயார். அது மவுண்ட் செய்யப் பார்க்கிறது, சேர்வர் இல்லை, விட்டுவிட்டு மேலே போகிறது. மவுண்ட் விழ வேண்டிய அடைவு வெறுமையாக அங்கேயே இருக்கிறது. யாரோ வந்து அதில் ஒரு கோப்பைச் சேமிக்கிறார். அது கணினியின் சொந்தத் தட்டில் எழுதப்படுகிறது. பிறகு யாரோ மவுண்டைச் சரிசெய்கிறார். சேர்வரின் அடைவு மேலே வந்து அமர்ந்ததும் அந்தக் கோப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அழியவில்லை, மவுண்டின் கீழே கிடக்கிறது. ஆனால் சேமித்தவருக்கு அது தொலைந்ததுதான். காப்புப் பிரதியிலும் இராது, ஏனென்றால் காப்புப் பிரதி சேர்வரில் எடுக்கப்படுகிறது. இதற்கு விலை இல்லாத மருந்து இரண்டு உண்டு. மவுண்ட் கழன்றிருக்கும்போது அந்த வெறும் அடைவுக்கு மாற்றமுடியாத குறியைப் போட்டுவிட்டால், மவுண்ட் இல்லாத நேரத்தில் யாரும் அதில் எழுத முடியாது, பிழை உடனே தெரியும். மற்றது, எழும்பும்போதே மவுண்ட் செய்யாமல் யாராவது அந்த அடைவைத் தொடும்போது செய்யும் தானியங்கி மவுண்ட். வேகம் பற்றிப் பேசும் எந்த வழிகாட்டியிலும் இந்த இரண்டு வரியும் முன்பக்கத்தில் இருக்காது. இங்கே அவை முதலில் இருக்க வேண்டியவை.

இன்னொரு 90 செக்கனும் உண்டு. நாலாம் பதிப்பில் சேர்வர், யார் எந்தக் கோப்பைப் பூட்டியிருக்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்திருக்கத் தொடங்கியது. விழுந்து எழும்பிய பிறகு பழைய பூட்டுகளை உரியவர்கள் திரும்பப் பெற அது நேரம் கொடுக்கும். லினக்ஸில் அது இயல்பாக 90 செக்கன். அந்த நேரத்தில் புதிதாகக் கோப்புத் திறக்கக் கேட்டால் பொறு என்று சொல்லும். சேர்வர் எழும்பிவிட்டது, பிங் போகிறது, ஆனாலும் தொங்குகிறது என்று பதறி, அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் சேர்வரைத் திரும்ப நிறுத்தி எழுப்புகிறவர்கள் அந்த 90 செக்கனை முதலில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு திறமை.

எல்லாம் கிளவுட்டுக்குப் போய்விட்டது, இந்தப் பழைய முறைக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்ற ஆட்சேபம் கடைசியாக வரும். கிளவுட்டுக்குப் போகிற கம்பியும் இதே கரண்டில்தான் ஓடுகிறது. 2022 இல் தொலைபேசிக் கோபுரங்களுக்கே எரிபொருள் தேட வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், கிளவுட்டின் உள்ளேயும் இதுதான் ஓடுகிறது. அமேசான் தன் ஈஎஃப்எஸ் சேவையை மவுண்ட் செய்யப் பரிந்துரைக்கும் வரியைப் பாருங்கள்: பதிப்பு 4.1, ஆர்சைஸும் டபிள்யூசைஸும் ஒரு மெகாபைற், ஹார்ட், டைமியோ 600, திரும்பக் கேட்கும் தடவையைக் குறிக்கும் ரீட்ரான்ஸ் 2. கரண்ட் போகாத கட்டடங்களில் சேர்வர் வைத்திருப்பவர்களே ஹார்ட் என்று எழுதும்போது நாம் சொஃப்ட் என்று எழுத என்ன நியாயம்? அப்படியானால் இயல்பு அமைப்பையே விட்டுவிடலாமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், விடுவதற்கும் இயல்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும், அது கேர்னலுக்குக் கேர்னல் மாறுகிறது, யார் எழுதி வைத்த பழைய வரி அதை மூடியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் சிறிய அலுவலகத்துக்கும் தேவையா என்பதற்கு என் பதில், இந்த மண்ணில் ஆவணம் என்றால் என்ன என்பதில் இருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2009 இல் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் படிப்புச் சான்றிதழும் இல்லாமல் முகாமுக்குப் போனவர்கள் அவற்றைத் திரும்பப் பெற வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தைப் போன்ற எண்ணிம முயற்சிகள் பக்கம் பக்கமாக வருடி எடுத்துச் சேர்ப்பது இந்த இழப்பைத் தெரிந்தவர்களின் வேலை. வருடி எடுத்த பக்கம், இறக்கிவிட்டேன் என்று பொய் சொன்ன சேர்வர் ஒன்றில் வெறும் பூச்சியங்களாகக் கிடந்தால், மூலப் பிரதி இருந்த வீடும் இல்லாமல் போன பிறகு அதை எங்கே போய்த் திரும்ப எடுப்பது?

ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம், யாரும் வேலை செய்யாத நேரத்தில் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று. சேர்வரின் காப்புப் பிரதியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு யூபிஎஸ்ஸில் நிற்கும் கிளையன்டில் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓடவிட வேண்டும். அது நூறு மெகாபைற் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பகிர்வில் எழுதி, ஒவ்வொன்றும் மூடி முடிந்ததும் அதன் பெயரையும் சரிபார்ப்புத் தொகையையும் கிளையன்டின் சொந்தத் தட்டில் குறித்துக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு கோப்பு போன நிலையில் சேர்வரின் செருகியைக் கையால் இழுத்துக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிடம் விட்டுச் செருகி, சேர்வர் எழும்பி, அந்த 90 செக்கனும் கழிந்து, ஸ்கிரிப்ட் தானாகத் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் சில கோப்பு எழுதியதும் நிறுத்தி, சேர்வரில் நேரடியாக உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பின் தொகையையும் குறிப்போடு ஒப்பிட வேண்டும். கிளையன்டில் இருந்து ஒப்பிட்டால் அதன் நினைவகத்தில் இருக்கும் பிரதியே பதில் சொல்லிவிடும். செருகி கழன்ற நேரத்துக்குச் சற்று முன் மூடப்பட்ட கோப்புகளில் இருந்து ஒப்பிடத் தொடங்குங்கள்.